நாலு பவுன் ஈயம்

பள்ளிகொண்டாவில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. நாற்பது வருஷம் ஒரு டேனரியில் கணக்கு எழுதியவர். எந்தச் சாமானைக் கண்டாலும் பெயர் என்ன, எடை என்ன, விலை என்ன என்று தீர்த்துவிட்டுத்தான் அப்பால் நகர்வார். அப்பேர்ப்பட்டவருக்கே பெயர் தெரியாத சாமான்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய வீட்டில் சேர்ந்துவிட்டன. கல்லூரியில் படிக்கும் பேரன் உலோகம் கண்டறியும் கருவி ஒன்றை வரவழைத்து, பாலாற்றங்கரையில் இருக்கும் சொந்த நிலத்தில் விடுமுறை முழுவதும் அதைத் தடவிக்கொண்டு திரிந்ததன் பலன்.

"நீங்க சரித்திரக் கதையெல்லாம் எழுதறவரு. இது இன்னான்னு பார்த்துச் சொல்லுங்க சார். பையன் திப்பு சுல்தான் ராக்கெட்டுங்கறான்" என்று ஓர் இரும்புக் குழாயை என் மடியில் வைத்தார்.

சரித்திரக் கதை எழுதுகிறவனிடம் இப்படி ஒரு குழாயைக் கொடுத்தால் என்ன ஆகும்? குழாயைப் பார்க்கு முன்பே என் காதில் குதிரைகள் கனைக்கத் தொடங்கிவிட்டன. பையனின் ஆசை அப்படி ஒன்றும் நடவாத ஆசையும் அல்ல. 1780 செப்டம்பர் 10-ந் தேதி காஞ்சீபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் கும்பினிப் படை அழிந்தபோது மைசூர்க்காரர்களின் ராக்கெட்டுகள் அங்கே பறந்தன. மறு வருஷத் தொடக்கத்தில் ஆம்பூர் ஹைதர் அலியின் கைக்கு வந்துவிட்டது. வேலூர்க் கோட்டையைச் சுற்றி அவருடைய சைன்யம் முற்றுகை இட்டிருந்தது. ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் இருக்கும் ஊரில் ஒரு ராக்கெட் விழுந்து கிடக்கக் கூடாதா?

கிடக்கலாம். ஆனால் இந்தக் குழாய் அது அல்ல. மைசூர் ராக்கெட்டின் குழாய், இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் தட்டி உருட்டியது. நீளம் ஏறக்குறைய எட்டு அங்குலம், பத்து அங்குலம் இருக்கும். ஒரு முனை அடைத்திருக்கும். மறு முனையில் நெருப்புச் சீறி வர வழி இருக்கும். அதை நீண்ட மூங்கிலோடு தோல் வாரினால் இறுக்கிக் கட்டி விடுவார்கள். (தோல் வார் என்றதும் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார், அவருடைய சரக்கல்லவா?) எங்கள் குழாயோ இரு முனையும் திறந்தது. மண்ணைச் சுரண்டியதும் ஒரு முனையில் அழகாக மரை தெரிந்தது. யாரோ எந்தக் காலத்திலோ கழற்றி எறிந்த பம்பு செட்டுக் குழாய்! பையனின் முகம் வாடியதைக் கண்டு எனக்கே வருத்தமாக இருந்தது.

ஆறுதலுக்காக நகராவின் கதையைச் சொன்னேன். கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். பெத்னூர் என்பது பழைய பெயர். 2002-ல் அங்கே ஒரு பாழுங்கிணற்றிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட துருப்பிடித்த இரும்பு உருளைகள் கிடைத்தன. ஏதோ வெடிகுண்டு என்று எண்ணி அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். அவை மைசூர் ராக்கெட்டுகள் என்று தெரிவதற்குப் பல வருஷங்கள் பிடித்தன. பிறகு 2018-ல் அங்கே ஒரு வறண்ட கிணற்றின் மண்ணில் வெடிமருந்து வாடை அடிக்கவே, மாநிலத் தொல்லியல் துறையார் மூன்று நாள் தோண்டினார்கள். ஆயிரத்துக்கு மேல் அகப்பட்டன. அறிந்தவர்களே முதலில் ஏமாந்த இடத்தில் நாம் ஒரு பம்புக் குழாயிடம் ஏமாந்தது பெரிய காரியமா?

இத்தனை நேரமும் டின்னின் அடியில் ஒரு வெள்ளை பூத்த உருண்டை கிடந்தது. பையன் அதைப் பொருட்படுத்தவே இல்லை. கோலி என்று நினைத்தானாம். எடுத்துப் பார்த்தால் கனக்கிறது. ஈயம்! மண்ணில் பல காலம் கிடந்த ஈயத்தில்தான் அப்படி வெள்ளை பூக்கும்.

இப்போது பையனுக்கு வேறு ஆசை வந்துவிட்டது. 1749 ஆகஸ்டு 3-ந் தேதி ஆம்பூரில் நடந்த சண்டையில் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் யானை மேலிருந்தபடியே துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். (அப்போது அவருக்கு வயது நூற்றேழு என்று எழுதி வைத்தவர்கள் உண்டு. நான் நம்பவில்லை.) சுட்டவன் பிரெஞ்சுப் படையில் இருந்த ஓர் ஆப்பிரிக்கச் சிப்பாய் என்பார்கள். அந்த ஒரு குண்டினால் சந்தா சாகிப்புக்கு ஆர்க்காடு கிடைத்தது. நவாபின் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடினான். கர்நாடக யுத்தம் மூண்டது. "இதுவும் அந்தச் சண்டைக் குண்டா இருக்கலாம் இல்லீங்களா, தாத்தா?" என்றான் பையன்.

இதற்கு விடை சொல்லக் கூடியது தராசு. கடைத்தெருவில் தெரிந்த நகைக்கடைக்கு மூவரும் போனோம். பிரெஞ்சுத் துப்பாக்கியின் குண்டு சுமார் 25 கிராம். மூன்று பவுனுக்குச் சற்று மேல். கும்பினிச் சிப்பாய்களின் துப்பாக்கிக்கு வாய் முக்கால் அங்குலம். அதன் குண்டு 32 கிராம், அதாவது நாலு பவுன். நவாப் வீரர்களின் திரித் துப்பாக்கிகளுக்கு ஒரே அளவென்று கிடையாது; அவனவன் துப்பாக்கிக்கு அவனவன் குண்டு. எங்கள் உருண்டை முப்பத்தொன்றரை நிறுத்தது. கடைக்காரர் ஈயத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அடகு வைக்க வந்திருக்கிறோம் என்றே நினைத்திருப்பார்.

ஆகவே நவாபைக் கொன்ற கட்சியின் குண்டு அல்ல. அநேகமாகக் கும்பினிக் குண்டு. "அநேகமாக" என்பதை அழுத்திச் சொல்கிறேன். பொள்ளிலூரில் பறித்த கும்பினித் துப்பாக்கிகளை மைசூர்க்காரர்கள் ஆற்றில் எறிந்துவிடவா போகிறார்கள்? இன்னொன்றும் தெரிந்தது. குண்டு நசுங்கவில்லை; அச்சில் வார்த்த தழும்பு அப்படியே இருந்தது. சுட்ட குண்டு எதிலாவது மோதி உருக்குலைந்திருக்கும். இது ஒரு சிப்பாயின் பையிலிருந்து நழுவி விழுந்தது. 1767 நவம்பரில் ஹைதர் ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டபோது காப்டன் கால்வெர்ட் கோட்டையை விடாமல் காத்தார். டிசம்பரில் கர்னல் ஜோசப் ஸ்மித் வேலூர்ப் பக்கமிருந்து படையோடு போய் முற்றுகையை விலக்கினார். அந்தப் படை இந்தப் பாலாற்றங்கரையில் ஓர் இரவு தங்கியிருக்கலாம் அல்லவா?

"இது எந்த இடத்தில் கிடைத்தது?" என்று ஆவலோடு கேட்டேன்.

"நெலத்துலதான்."

"நிலத்தில் எந்த மூலையில்? எத்தனை ஆழத்தில்? பக்கத்தில் வேறு குண்டு இருந்ததா?"

பையன் தலையைச் சொறிந்தான். எல்லாம் ஒரே டின்னில் போட்டுவிட்டானே! இருபது குண்டு ஓரிடத்தில் கிடந்தால் அது பாசறை. நசுங்கிய குண்டுகள் வரிசையாகக் கிடந்தால் அது சண்டை. ஒற்றைக் குண்டு டின்னுக்குள் கிடந்தால் அது நாலு பவுன் ஈயம்.

அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் 1876-ல் செவ்விந்தியர்கள் கஸ்டரின் படையை வீழ்த்தினார்கள். 1983-ல் அங்கே புல் தீப்பற்றி எரிந்து தரை வெளியாயிற்று. மறு வருஷம் தொல்லியலாளர்கள் இதே கருவியோடு வரிசையாக நடந்தார்கள். ஓசை கேட்ட இடத்தில் எல்லாம் ஒரு சிறு கொடி நட்டு, இடத்தை அளந்து குறித்த பிறகே பொருளைத் தொட்டார்கள். தோட்டாவின் பின்புறத்தில் துப்பாக்கி ஊசி பதித்த தழும்பை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்கே நகர்ந்தது என்றுகூடக் கண்டுபிடித்தார்கள். நூறு வருஷமாகச் சொல்லப்பட்ட கதைகளில் எது சரி, எது தவறு என்று தோட்டாக்களே சாட்சி சொல்லின.

நம்முடைய 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதைபொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதச் சொல்கிறது. பொன்னை எண்ணிச் செய்த சட்டம். பழைய ஈயக் கடையில் எங்கள் குண்டு பத்து ரூபாய்க்குக் கூடப் போகாது! கும்பினிச் சிப்பாய்களின் பாதை அதனால்தான் கிலோக் கணக்கில் உருகிப் போகிறது.

கிளம்பும்போது பையனிடம் ஒரு நோட்டும் அளவு நாடாவும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். உருண்டையான கனத்த இரும்பில் துளை தென்பட்டால் தொடாமல் போலீசுக்குச் சொல் என்றும் எச்சரித்தேன்.

ஒரு மாதம் கழித்து டெலிபோன் வந்தது. "தாத்தா, வரப்புத் தென்னையிலேருந்து வடக்கே பதினேழு அடி, முக்கால் அடி ஆழம். பிறை மாதிரி இரும்புத் தகடு, அஞ்சு ஓட்டை."

"மாட்டு லாடம், தம்பி."

"யார் மாடு? பட்டாளத்து மாடா, எங்க தாத்தாவோட மாடா?"

கும்பினிப் பீரங்கிகளை இழுத்ததும் மாடுகள்தாம். "பதினேழு அடியைச் சுற்றி இன்னும் பார்" என்றேன்.