பாடப்புத்தகத்துக்காக 32 ஆண்டு வழக்கு

வரலாற்றுப் பாடம் என்றால் நம்மில் பலருக்கு ஆண்டுகளும் அரசர் பெயர்களும்தான் நினைவுக்கு வரும். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவோம். ஆனால் அந்தப் புத்தகத்தில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதற்காக ஒரு பேராசிரியர் தன் நாட்டு அரசாங்கத்தோடு 32 ஆண்டுகள் நீதிமன்றத்தில் மல்லுக்கட்டியிருக்கிறார். அவர் பெயர் சபுரோ இயெனாகா. நாடு ஜப்பான்.

1913-ல் பிறந்த இயெனாகா போர்க்காலத்தில் ஆசிரியராக இருந்தவர். சூரிய தேவதையின் வம்சத்தில் வந்தவர்தான் பேரரசர் என்ற புராணக் கதை அப்போது வரலாறாகவே கற்பிக்கப்பட்டது. அதைப் படித்து வளர்ந்த பிள்ளைகள்தான் போர்முனைக்குப் போனார்கள். அந்தப் போரை எதிர்த்துத் தான் ஒன்றும் செய்யவில்லையே என்ற வருத்தம் இயெனாகாவை விடவில்லை.

போருக்குப் பின் அவர் எழுதிய ஜப்பான் வரலாறு பள்ளிகளில் பாடநூலானது. அங்கே தனியார் பதிப்பகங்கள் பாடநூல்களை வெளியிடும். ஆனால் கல்வி அமைச்சகம் சரிபார்த்து அனுமதி தந்தால்தான் அவை வகுப்பறைக்குள் வர முடியும். இயெனாகாவின் நூல் போரை மிகவும் இருட்டாகக் காட்டுகிறது என்றது அமைச்சகம். 1963-ல் நிராகரித்தது. அடுத்த ஆண்டு ஏராளமான திருத்தங்களைச் சொல்லி அனுமதித்தது. 1965-ல் இயெனாகா வழக்குப் போட்டார். 1967-ல் இரண்டாவது வழக்கு, 1984-ல் மூன்றாவது.

இரண்டாவது வழக்கில் 1970-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் மேல்முறையீட்டுக்குப் பின் அந்த வெற்றி நிலைக்கவில்லை. முதல் வழக்கும் 1993-ல் உச்சநீதிமன்றத்தில் தோற்றது.

மிஞ்சியது மூன்றாவது வழக்கு. அதில் முக்கியமான பிரச்சினை '731 பிரிவு'. மஞ்சூரியாவில் ஹார்பின் நகருக்கு அருகே இயங்கிய இந்த ஜப்பானிய ராணுவப் பிரிவு, கிருமி ஆயுதங்களுக்காகக் கைதிகளை வைத்துப் பரிசோதனை நடத்திக் கொன்றது. இதை இயெனாகா பாடநூலில் எழுதினார். 1983-ல் அமைச்சகம் அதை நீக்கச் சொன்னது. நம்பத்தகுந்த ஆய்வுகள் இன்னும் வரவில்லை, பாடநூலில் சேர்க்க இது நேரமில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் ஆதாரங்கள் ஏன் அரிதாக இருந்தன என்று பாருங்கள். 1945 ஆகஸ்டில் பின்வாங்கும்போது அந்தப் பிரிவே தன் கட்டிடங்களைத் தகர்த்தது, ஆவணங்களை அழித்தது. பரிசோதனை முடிவுகளை வாங்கிக்கொண்டு அமெரிக்கா அவர்களை விசாரணையிலிருந்து காப்பாற்றியது. தடயத்தை ராணுவம் அழித்துவிட்டது. பிறகு தடயம் போதாது என்று அமைச்சகம் சொல்கிறது!

இந்த இடத்தில்தான் ஆய்வாளர்களின் வேலை கைகொடுத்தது. அறிவியல் வரலாற்றாளர் கெயிச்சி சுனெயிஷி, நாவலாசிரியர் செயிச்சி மொரிமுரா இருவரும் 1981-லேயே இந்தப் பிரிவைப் பற்றிப் புத்தகங்கள் வெளியிட்டிருந்தார்கள். 1983-க்குள் என்ன தெரிந்திருந்தது என்பதை உச்சநீதிமன்றம் ஆராய்ந்தது. 1997 ஆகஸ்ட் 29 அன்று, அந்தப் பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. மொத்தம் நான்கு இடங்களில் அமைச்சகம் செய்தது தவறு என்று முடிவானது. நஷ்டஈடு 4 லட்சம் யென். ஆனால் பாடநூலைத் தணிக்கை செய்யும் முறை அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதே என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. பாதி வெற்றிதான். இயெனாகா 2002-ல் காலமானார்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். உண்மையை நேரடியாக மறுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று அரசியல்வாதிகளுக்குத் தெரியும். அதனால் "இன்னும் நிரூபணமாகவில்லை" என்பார்கள். இதற்குப் பதில் மேடைப் பேச்சு அல்ல. யாரும் கவனிக்காத காலத்தில் ஒருவர் உட்கார்ந்து தேடி, சரிபார்த்து, அச்சில் ஏற்றிவைத்த ஆய்வுதான் பதில். அந்தப் புத்தகங்கள் இல்லையென்றால் 731 பிரிவு விஷயத்தில் இயெனாகா தோற்றிருக்கலாம். இயெனாகா வழக்குப் போடவில்லையென்றால் அந்த ஆய்வுகளை நீதிமன்றம் எடைபோடும் வாய்ப்பு வந்திருக்காது.

நம் நாட்டிலும் 1977-லும் 2002-லும் வரலாற்றுப் பாடநூல்களை வைத்துப் பெரிய சண்டை நடந்தது. இனியும் நடக்கும். ஒரு பத்தி சேர்க்கப்பட்டது, ஒரு பத்தி நீக்கப்பட்டது என்று செய்தி வந்தால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். எந்த ஆய்வின் அடிப்படையில்? பதில் வரவில்லையென்றால், காரணம் வேறு எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.