விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ தொடரின் இசை

'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' 1974 அக்டோபர் 6 முதல் 1975 மார்ச் 30 வரை ஜப்பானில் ஒளிபரப்பான அசைவூட்டத் தொலைக்காட்சித் தொடர் ஆகும். இதன் பாடல்களுக்கும் பின்னணி இசைக்கும் இசையமைத்தவர் ஹிரோஷி மியாகாவா (1931–2006). முதல் ஒளிபரப்பில் தொடர் தோல்வி கண்டது; இசையோ தொடரைத் தாண்டி நிலைத்தது. அசைவூட்டத் தொடர் ஒன்றின் பின்னணி இசையைப் படம் இல்லாமலே உட்கார்ந்து கேட்கலாம் என்ற எண்ணம் ஜப்பானில் பரவியதற்கு இத்தொடர் ஒரு முக்கியக் காரணம்.

அதற்கு முன் நிலைமை வேறாக இருந்தது. 1963 சனவரி 1 அன்று தொடங்கிய 'டெட்சுவான் ஆட்டம்' (ஆஸ்ட்ரோ பாய்) தொடரின் முகப்பு இசைக்குத் தொடக்கத்தில் பாடல் வரிகளே இல்லை. தட்சுவோ தகாயின் மெட்டுக்குப் பின்னர்தான் கவிஞர் ஷுன்தாரோ தனிகாவா வரிகள் எழுதினார். அந்த மெட்டு இன்று டோக்கியோவின் தகதனொபாபா தொடருந்து நிலையத்தில் வண்டி புறப்படும் ஒலியாகக் கேட்கிறது. இவ்வாறு முகப்புப் பாடலுக்குப் புகழ் கிடைத்தது, குழந்தைகளுக்கான இசைத்தட்டுகளிலும் இடம் கிடைத்தது. காட்சிகளுக்கு இடையே ஒலித்த இசையை யாரும் தனியாகப் பொருட்படுத்தவில்லை.

யமாட்டோவின் கதை 2199ஆம் ஆண்டில் நிகழ்கிறது. கமிலாஸ் என்னும் வேற்றுலகினரின் தாக்குதலால் பூமியில் கதிர்வீச்சு பரவி, கடல்கள் வற்றி, மனித இனம் அழிய ஓராண்டே எஞ்சியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய யமாட்டோ போர்க்கப்பல் விண்கலமாக மாற்றப்பட்டு, 1,48,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள இஸ்கந்தர் கோளிலிருந்து கதிர்வீச்சை நீக்கும் கருவியைக் கொண்டுவரப் புறப்படுகிறது. தயாரிப்பாளர் யோஷினோபு நிஷிசாகி, இயக்குநர் லெய்ஜி மட்சுமோட்டோ. நிஷிசாகி இசை நிகழ்ச்சிகளை நடத்தும் தொழிலிலிருந்து வந்தவர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தொடரின் இசைக்கு அவர் கொடுத்த இடம் அக்காலத்தில் வழக்கமானதன்று.

மியாகாவாவும் சிறுவர் நிகழ்ச்சிகளுக்கென்றே இசையமைத்தவர் அல்லர். ஜாஸ் பியானோ வாசித்து, பின்னர் 'தி பீனட்ஸ்' என்ற இரட்டைச் சகோதரிகளுக்கு 1960களில் வெற்றிப் பாடல்கள் தந்த மெல்லிசை அமைப்பாளர். பாடலாசிரியர் யூ அக்கு, பாடகர் இசாவோ சசாகி ஆகியோரும் அப்படியே. சசாகி 1960இல் ராக்கபில்லி பாடகராக அறிமுகமாகி 'ஜப்பானின் எல்விஸ் பிரெஸ்லி' என விளம்பரப்படுத்தப்பட்டவர். முகப்புப் பாடல் ஆண்குரல் சேர்ந்திசையுடன் கூடிய அணிநடைப் பாடல். ஆனால் மைனர் சுரவரிசையில் அமைந்ததால் அதில் வெற்றி முழக்கத்தைவிடப் பிரிவின் கனமே கூடுதலாக உள்ளது. திரும்பி வருவோமா என்று தெரியாமல் புறப்படும் கப்பலுக்கு இது மிகப் பொருத்தம். இறுதிப் பாடலான 'மக்கா நா ஸ்கார்ஃப்' வழியனுப்பிய பெண் அசைத்த சிவப்புக் கழுத்துத்துணியை நினைத்துப் பாடுவது. போர்க் கதையின் ஒவ்வொரு பகுதியும் இந்த மென்மையான பாடலோடு முடிந்தது.

பின்னணி இசை உருவான முறையைப் புரிந்துகொண்டால்தான் பிறகு நடந்தது விளங்கும். திரைப்படத்தில் இசையமைப்பாளர் படத்தைப் பார்த்து, காட்சியின் நீளத்துக்கு ஏற்ப இசை எழுதுவார். வாரந்தோறும் ஒளிபரப்பாகும் அசைவூட்டத் தொடரில் அதற்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. எனவே இசையமைப்பாளரிடம் ஒரு பட்டியல் தரப்படும்: புறப்பாடு, எதிரி நெருங்குதல், துயரம், அமைதி என்பது போல. அவர் படத்தைப் பார்க்காமலே ஒவ்வொன்றுக்கும் சிறு சிறு துண்டுகளை எழுதி, ஒருசில பதிவு நாட்களில் மொத்தமாக வாசிக்கச் செய்து நாடாவில் சேர்த்து வைப்பார். பின்னர் ஒலிப்பணியினர் ஒவ்வொரு பகுதிக்கும் அந்தச் சேமிப்பிலிருந்து பொருத்தமானதை எடுத்து, வெட்டி ஒட்டுவர். யமாட்டோவில் ஒலி இயக்குநர் அட்சுமி தஷிரோ. ஒலி விளைவுகள் மிட்சுரு கஷிவாபரா.

இது செலவைக் குறைக்க வந்த ஏற்பாடுதான். ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. ஒரே துண்டு வாரம் தவறாமல் திரும்பத் திரும்ப வந்ததால், பார்வையாளர்களுக்கு அது பாடலைப் போலவே மனப்பாடமாகியது. மியாகாவா ஒரே மெட்டை வேகமாகவும் மெதுவாகவும், பித்தளைக் கருவிகளிலும் தந்திக் கருவிகளிலும் மாற்றி மாற்றி எழுதியிருந்ததால், துண்டுகள் பலவாயினும் ஒரே படைப்பின் பகுதிகளாகக் கேட்டன. எல்லையற்ற அண்டவெளியைக் காட்டும் காட்சிகளில் கசுகோ கவாஷிமாவின் சொற்களற்ற ஹம்மிங் ஒலித்தது. தொடரைப் பார்த்தவர்கள் முகப்புப் பாடலுக்கு அடுத்து நினைவுகூர்வது பெரும்பாலும் அந்தக் குரலைத்தான்.

ஒளிபரப்பின்போது இதற்கெல்லாம் பலன் கிடைக்கவில்லை. ஞாயிறு மாலை அதே நேரத்தில் இன்னோர் அலைவரிசையில் 'ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைடி' ஓடிக்கொண்டிருந்தது. (அதன் முகப்புப் பாடலுக்கான யோடல் பாட்டையும் ஆல்ப்ஹார்ன் ஊதலையும் சுவிட்சர்லாந்துக்கே போய்ப் பதிவு செய்தனர் என்பதால், இசையிலும் போட்டி எளிதானதாக இல்லை.) 39 பகுதிகளாகத் திட்டமிடப்பட்டிருந்த யமாட்டோ 26 பகுதிகளோடு முடித்து வைக்கப்பட்டது.

மறுஒளிபரப்புகள் வழியாக இளைஞர்களிடையே ரசிகர் கூட்டம் பெருகியது. தொடரைச் சுருக்கித் தொகுத்த திரைப்படம் 1977 ஆகத்து மாதம் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. அந்த ரசிகர்கள் பாடல்களோடு நிற்கவில்லை, பின்னணி இசையும் வேண்டும் என்றனர். தொலைக்காட்சிக்கான பதிவுகளோ சிறு துண்டுகள். ஆகவே மியாகாவா அவற்றின் மெட்டுகளை எடுத்து, பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு ஏற்ப விரித்து எழுதினார். 'சிம்பொனித் தொகுப்பு: விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' என்ற இசைத்தட்டை நிப்பான் கொலம்பியா நிறுவனம் 1977 திசம்பரில் வெளியிட்டது. கவாஷிமாவின் குரல் இதில் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிடுகிறது. உரையாடலோ கதைச் சுருக்கமோ இல்லாத இந்த இசைத்தட்டு நன்றாக விற்றது. அசைவூட்டத் தொடர்களின் பின்னணி இசையைத் தனி இசைத்தட்டாக வெளியிடுவது அடுத்த ஆண்டுகளில் வழக்கமாயிற்று.

1978இல் வந்த இரண்டாவது திரைப்படத்தில், வெள்ளை வால்வெள்ளிப் பேரரசு என்னும் எதிரிக்கு மியாகாவா குழாய் ஆர்கன் இசையைத் தேர்ந்தெடுத்தார். அதை வாசித்தவர் அப்போது பதின்வயதிலிருந்த அவர் மகன் அகிரா மியாகாவா. 1979இல் அமெரிக்காவில் 'ஸ்டார் பிளேசர்ஸ்' என்ற பெயரில் தொடர் ஒளிபரப்பானபோதும் அதே முகப்பு மெட்டுக்கு ஆங்கில வரிகள் எழுதப்பட்டன. ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் ஆட்டங்களில் உற்சாகமூட்டும் பாடலாகவும், கடல்சார் தற்காப்புப் படையின் இசைக்குழுக்கள் வாசிக்கும் அணிநடை இசையாகவும் அது இன்றும் ஒலிக்கிறது.

இவ்வளவு புகழ்பெற்ற இசையின் எழுத்துப் பிரதிகள் முறையாகப் பாதுகாக்கப்படவில்லை. அன்றாடத் தயாரிப்பு வேலையாகக் கருதப்பட்ட இசைக்குறிப்புத் தாள்களை, பதிவு முடிந்தபின் பத்திரப்படுத்தும் பழக்கம் அன்று இல்லை. மூலத்தொடரின் புதிய ஆக்கமான 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ 2199' 2012இல் வெளிவரத் தொடங்கியது. அதற்கு இசையமைத்த அகிரா மியாகாவா, தந்தையின் இசையை மீண்டும் பயன்படுத்த விரும்பியபோது குறிப்புகள் கிடைக்காமல், பழைய ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கருவி கருவியாகப் பிரித்துக் காதாலேயே எழுதியெடுக்க வேண்டியிருந்தது. அவ்வாறு எழுதிய தாள்களைக் கொண்டு பழைய துண்டுகள் புதிதாகப் பதிவு செய்யப்பட்டன. அவருடைய சொந்த இசையும் அவற்றோடு சேர்ந்து 26 பகுதிகளிலும் ஒலித்தது.