ஐஸ் ஹவுஸில் படித்த சிறுமிகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணப் பிராமணக் குடும்பங்களில், பருவமடையும் முன்பே மணமுடிக்கப்பட்டுக் கணவனையும் இழந்த சிறுமிகள், தலைமுடி மழிக்கப்பட்டு, நார்மடி எனப்படும் சாயமற்ற புடவையோடு வீட்டின் பின்கட்டில் அடைந்து கிடப்பதே வழக்கமாக இருந்தது. தாமும் பால்ய விதவையான ஆர். எஸ். சுப்புலட்சுமி, தந்தையின் ஆதரவால் கல்வியைத் தொடர்ந்து 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றபின், எழும்பூரில் விரல்விட்டு எண்ணத்தக்க சில சிறுமிகளோடு ஒரு விடுதியைத் தொடங்கினார். பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்காமல் தவித்த அரசும் இதற்குக் கைகொடுத்தது. அந்த உதவியில் கருணையைவிடத் தேவையே மிகுந்திருந்தது என்று கொள்வதே பொருந்தும்.

விடுதி பின்னர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்கென 1842-இல் எழுப்பப்பட்ட ஐஸ் ஹவுஸுக்கு, அதாவது இன்றைய விவேகானந்தர் இல்லத்துக்கு, மாறியது. மங்கல நிகழ்வுகளில் எதிர்ப்படுவதே அபசகுனம் என ஒதுக்கப்பட்ட சிறுமிகள், அங்கிருந்து பள்ளிக்கும், சிலர் 1914-இல் தொடங்கப்பட்ட இராணி மேரி கல்லூரிக்கும் சென்று, ஆசிரியைகளாகி ஊதியம் ஈட்டினர். பிராமணச் சிறுமியரை மட்டுமே சேர்த்த அவ்விடுதியின் எல்லை குறுகியதே. எனினும், சமையலிலும் பந்தியிலும் ஆசாரம் பிசகாது என்ற உறுதி இல்லாதிருந்தால், பெற்றோர் அவர்களை வாசற்படி தாண்டவும் விட்டிருக்க மாட்டார்கள். பதினெட்டு வயது கடந்த விதவைகளுக்கு, அரசு உதவியில் நடந்த இவ்விடுதியில் இடமில்லாததால், அவர்களுக்கெனச் சாரதா வித்யாலயம் 1927-இல் தோன்றியது.