கத்தி பிடித்த கை: பினாங்கு முடிதிருத்தகங்களும் தொழிற்பாதுகாப்புச் சட்டமும்

மலேசியத் தமிழர்தம் தொழில் வரலாறு என்றவுடன் இரப்பர்த் தோட்டமே நம் ஆய்வாளர்களின் நினைவிற்கு வருகிறது. பால்மரம், லயம், கங்காணி ஆகியவை பற்றி எழுதப்பட்டவை ஏராளம். நகரத்துச் சிறுதொழில்கள் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா பகுதியை எடுத்துக்கொள்வோம். தமிழர் 'கடைத்தெரு' என்றழைத்த லெபோ பாசார், லெபோ பினாங்கு, 1833இல் எழுந்த மகா மாரியம்மன் ஆலயம் அமைந்துள்ள லெபோ குயின் ஆகிய தெருக்களில் துணிக்கடை, நகைக்கடை, உணவகம் ஆகியவற்றிற்கிடையே முடிதிருத்தகங்களும் உண்டு. அங்கே நாற்காலியில் அமர்பவரையும் அவருக்குப் பின்னால் நிற்பவரையும் சட்டம் ஒரே கண்ணால் நோக்கியதா என்பதே இக்கட்டுரையின் வினா.

நாற்காலியில் அமர்ந்தவரைப் பற்றிய கவலை பழமையானது. தமிழ்நாட்டில் நாவிதர், 'மருத்துவர்' என்றும் அழைக்கப்பட்டனர். கட்டி கீறுதல், புண்ணுக்கு மருந்திடுதல் முதலியனவும் அவர்தம் பணிகளாய் இருந்தன. அச்சமூகப் பெண்டிர் பேறுகாலம் பார்த்தனர். உடலைத் தொடும் தொழில் நோயையும் தொடும் என்பதைத் தொழில் செய்தவர்கள் அறிந்தேயிருந்தனர். சட்டம் அதனை அறிந்துகொண்டது இருபதாம் நூற்றாண்டில்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் குதிரை மயிரால் செய்யப்பட்ட சவரத் தூரிகைகள்வழி ஆந்த்ராக்ஸ் நோய் பரவியது. பிரிட்டன் 1919இல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டத்தை இயற்றி, 1920இல் ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைத் தடை செய்தது. பின்னர் 1961ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், முடிதிருத்தகங்களின் தூய்மை, கருவிகள், துண்டுகள், பணியாளர் உடை ஆகியன குறித்துத் துணைச்சட்டம் இயற்றும் அதிகாரத்தை அந்நாட்டு உள்ளாட்சி மன்றங்களுக்கு அளித்தது. அந்தத் தூரிகையை நாள்தோறும் கையில் பிடித்தவர் முடிதிருத்துநர். வாடிக்கையாளரோ மாதத்திற்குச் சிலமுறை அதன் தீண்டலுக்கு ஆட்பட்டவர். ஆயினும் விதிகள் இரண்டாமவரை மையமாகக் கொண்டே அமைந்தன.

மலேசியாவிலும் இம்மரபே தொடர்ந்தது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ் (சட்டம் 171) உள்ளாட்சி மன்றங்கள் துணைச்சட்டங்களை இயற்றி உரிமம் வழங்குகின்றன. பினாங்குத் தீவில் அப்பொறுப்பு நகராண்மைக் கழகத்திடம் இருந்தது. 2015இல் மாநகர் மன்றமாக உயர்ந்த பின்னும் அது அம்மன்றத்திடமே உள்ளது. இத்தகைய துணைச்சட்டங்களின் பொது இயல்பு யாதெனில், பணியாளர் அவற்றில் நோயைப் பரப்பக் கூடியவராகக் காட்சியளிக்கிறாரேயன்றி, நோய்க்கு ஆளாகக் கூடியவராகக் காட்சியளிப்பதில்லை என்பதாகும்.

பணியாளரின் உடல் சட்டத்தில் வேறொரு வாயில்வழி நுழைந்தது. அது இழப்பீடு என்னும் வாயில். 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் 'சொக்சோ' அமைப்பிற்கு அடிப்படையான 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் இவ்வகையின. இவை விபத்து நிகழ்ந்த பின்னரே பேசுகின்றன. மேலும், அன்றாட வரும்படியில் பங்கு பெற்று வேலை செய்பவர் 'ஊழியர்' ஆவாரா என்பது முடிதிருத்தும் தொழிலில் எளிதில் தீராத கேள்வி. 2017ஆம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் வாடகை வண்டி ஓட்டுநர்களை நோக்கியது. 2020 முதல் அழகுப் பராமரிப்பு உள்ளிட்ட வேறு துறைகளுக்கும் விரிந்தபோதுதான் இக்கேள்விக்கு ஒருவாறு விடை கிடைத்தது.

விபத்திற்கு முன்னரே பேசும் சட்டம் 1994இல் பிறந்தது. 1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரமே இச்சட்டத்திற்கு வேகம் தந்ததாகக் கருதப்படுகிறது. எனினும் இதன் கருத்தடிப்படை பிரிட்டனின் 1972ஆம் ஆண்டு ரோபன்ஸ் அறிக்கையாகும். அபாயத்தை உருவாக்குபவரே அதனைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அவ்வறிக்கையின் சாரம். அதன் விளைவாய்த் தோன்றிய 1974ஆம் ஆண்டுப் பிரிட்டானியச் சட்டம், வீட்டுப் பணியாளர் நீங்கலாக, ஏறத்தாழ எல்லாப் பணியிடங்களையும் தழுவியது. மலேசியச் சட்டம் அக்கருத்தை ஏற்றது, பரப்பை ஏற்கவில்லை. அதன் முதல் அட்டவணை 10 துறைகளை மட்டுமே பட்டியலிட்டது: உற்பத்தி, சுரங்கம், கட்டுமானம், வேளாண்மை, பொதுப் பயனீடு, போக்குவரத்து, மொத்த சில்லறை வணிகம், தங்கும் விடுதியும் உணவகமும், நிதியும் வணிகச் சேவையும், அரசுப் பணி. தொழில் வகைப்பாட்டில் 'சமூக, தனிநபர்ச் சேவைகள்' என்னும் பிரிவில் இடம்பெறும் முடிதிருத்தகம் இப்பட்டியலில் இல்லை.

இதன் பொருளை லெபோ பாசாரில் நடந்தே உணரலாம். துணிக்கடையின் விற்பனையாளர் சில்லறை வணிகத்தில் அடங்குவதால் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அவரைக் காத்தது. வாழையிலை உணவகத்தின் சமையற்காரரையும் அது காத்தது. இடைச்சுவருக்கு அப்பால் கத்தியும் சாயமும் கையாண்டவரை அது காணவில்லை. இத்தனைக்கும் பிரிட்டனின் 1912ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் முடிதிருத்தும் தொழிலையும் சில்லறை வணிகமாகக் கொள்க என்று வெளிப்படையாகவே வரையறுத்திருந்தது. 1994இல் அத்தகைய ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தால் போதும். இதனைச் சட்டம் இயற்றியோரின் வன்மம் எனல் பொருந்தாது. புள்ளிவிவர வகைப்பாட்டை அப்படியே சட்டத்தின் எல்லையாக்கியதன் விளைவு என்பதே என் கருத்து. அண்டை நாடான சிங்கப்பூர் 2011 செப்டம்பரிலேயே தன் சட்டத்தை எல்லாப் பணியிடங்களுக்கும் விரிவாக்கிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து வரும் தொழிலாளரின் தாயகச் சட்டமும் அவருக்குப் பெரிய அரண் அன்று. இந்தியாவின் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு 'நிறுவனம்' என்பதற்குப் பொதுவாகப் பத்துத் தொழிலாளர் என்னும் அளவையே வைத்தது.

முடிதிருத்துநர்க்கு உள்ள தீங்குகள் அறியப்படாதவை அல்ல. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1993இலேயே முடிதிருத்தும் தொழிலைப் புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்புள்ள பணிகளுள் ஒன்றாக வகைப்படுத்தியது. மலேசியச் சட்டம் பிறந்தது அதற்கு மறு ஆண்டு. பாரா-ஃபெனிலீன்டையமின் கலந்த முடிச்சாயம் தோல் ஒவ்வாமைக்குக் காரணமாகும். கத்தி வெட்டினால் குருதிவழி ஹெப்படைட்டிஸ் பி, சி தொற்றலாம். நாள் முழுதும் நிற்பதால் காலும் இடுப்பும் தளர்கின்றன. பினாங்கிற்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பழைய கடைவீடுகள் குறுகிய முகப்பும் நீண்ட உட்பகுதியும் கொண்டவை. சாய நெடி எளிதில் வெளியேறாது. 2008இல் யுனெஸ்கோ மரபுடைமைத் தகுதி பெற்ற வட்டாரத்தில், காற்றோட்டத்திற்காகச் சுவரில் துளையிடுவதும் அனுமதி பெற்றே செய்யத்தக்கது.

நிற்பவர் யார் என்பதும் மாறிவந்துள்ளது. உள்நாட்டு இளைஞர் இத்தொழிலை நாடாமையால் முதலாளிமார் இந்தியாவிலிருந்து ஆள் தருவித்தனர். 2009இல் அரசு இதனை முடக்கியது. 2023இல்தான் முடிதிருத்தகம், துணிக்கடை, நகைத்தொழில் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேரைத் தருவிக்க இசைவளித்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் சொக்சோவின் பணியிட விபத்துத் திட்டத்தினுள் வந்தது 2019 சனவரியில். அவர்தம் உறைவிடத் தரத்தை வரையறுக்கும் சட்டம் தோட்டங்களுக்கு அப்பாலும் செல்லுபடியானது 2020இல். கடையின் மேல்மாடியில் பாய் விரித்து உறங்குவோர்க்கு இவை சிறு செய்திகள் அல்ல.

2020 ஏப்ரலில் நிகழ்ந்த ஒன்றை இங்கே சற்று விரித்துரைத்தல் தகும். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்தபோது, முடிதிருத்தகங்களைத் திறக்கலாம் என ஏப்ரல் 10ஆம் நாள் அரசு அறிவித்தது. வருவாயின்றித் தவித்தவர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக, தொழில்சார் சங்கங்களே அதனை எதிர்த்தன. ஓரடி இடைவெளிகூட இல்லாமல் பிறர் முகத்தருகே நிற்பவர் தொற்றிலிருந்து எவ்வாறு தப்புவார் என்பதே அவர்களின் கேள்வி. அரசு சில நாள்களில் அறிவிப்பை மீட்டுக்கொண்டது. கடைகள் திறந்தது சூன் 10ஆம் நாள்தான். அட்டவணையில் இடம்பெறாத ஒரு தொழிலின் மக்கள், 'எங்கள் உடல்நலமும் கணக்கில் வரவேண்டும்' என்று வாய்திறந்து கேட்ட தருணமாக இதனைக் கொள்ளலாம்.

2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2024 சூன் 1ஆம் நாள் நடப்பிற்கு வந்தது. வீட்டுப் பணி, ஆயுதப் படை, கப்பற்பணி போன்ற சில விலக்குகள் நீங்கலாக, எல்லாப் பணியிடங்களும் இப்போது இதனுள் அடங்கும். முதலாளி இடர் மதிப்பீடு செய்ய வேண்டும். ஐவரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் இடத்தில் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். உடனடி ஆபத்து நேருமெனில் ஊழியர் அவ்விடத்தை விட்டு விலகலாம். முதன்மைக் கடமை தவறும் முதலாளிக்குரிய தண்டத்தின் உச்சம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆக உயர்ந்தது. மூன்று நாற்காலிகள் கொண்ட கடைக்கு ஒருங்கிணைப்பாளர் தேவைப்படாது. ஆனால் இடர் மதிப்பீட்டிலிருந்து அதற்கு விலக்கில்லை.

இங்கே தமிழாசிரியர்க்கும் ஒரு பணி காத்திருக்கிறது. சட்டத்தின் அதிகாரப்பூர்வ வாசகங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. லிட்டில் இந்தியாவின் பல கடைகளில் முதலாளியும் தொழிலாளியும் உரையாடுவது தமிழில். சட்டம் தெளிவாகப் பிரிக்கும் இரு கருத்துகளுக்கும் நாம் 'ஆபத்து' என்னும் ஒரே சொல்லைப் புழங்கிவருகிறோம். தீங்கு விளைவிக்கக் கூடிய பொருளோ செயலோ ஒன்று. அத்தீங்கு நேர்வதற்கான வாய்ப்பும் அதன் கடுமையும் மற்றொன்று. முன்னதைத் 'தீங்குமூலம்' என்றும் பின்னதை 'இடர்' என்றும் வழங்கலாம். அலமாரியில் மூடியிருக்கும் சாயப்புட்டி தீங்குமூலம். அதையே கையுறையின்றி நாளொன்றுக்குப் பத்துத் தலைகளுக்குப் பூசும்போது உண்டாவது இடர்.