மாரிட்ஸ்பர்க்கின் இரு பாதைகள்

தென் ஆப்பிரிக்கா என்ற பெயரைக் கேட்டவுடன் நம் மாணவர்களின் மனக்கண் முன் தோன்றுவது ஓர் இரயில் நிலையமே. 1893ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் இரவு, முதல் வகுப்புப் பயணச்சீட்டைக் கையில் வைத்திருந்த ஓர் இளம் வழக்கறிஞரை, தோலின் நிறத்தைக் காரணமாகக் காட்டிப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் வண்டியினின்றும் இறக்கிவிட்டார்கள். அந்நாட்டில் ஜூன் மாதம் குளிர்காலம். பயணிகள் அறையில் குளிரில் நடுங்கியவாறே அவர் இரவைக் கழித்தார். அவர்தாம் பின்னாளில் நாம் மகாத்மா என்று போற்றும் காந்தியடிகள்.

இந்த வரலாற்றை நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, காந்தியடிகள் அங்கிருந்து போய்விட்டார், அந்த ஊர் பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. "பாடத்தில் இல்லாததைக் கேட்காதே" என்று சொல்லி அவனை உட்காரவைத்துவிட்டேன். ஆசிரியர் தொழிலில் நான் செய்த பிழைகளுள் இன்றும் நெஞ்சை உறுத்துவது அதுதான். பணி ஓய்வு பெற்றபின், அவனுக்குத் தந்திருக்கவேண்டிய விடையைத் தேடிப் படிக்கலானேன். அது நான் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில், சிறுவர்கள் ஓட்டும் ஒரு சின்னச் சைக்கிளின் வரலாற்றில் கிடைத்தது.

அந்த வரலாறும் 1893ஆம் ஆண்டிலேயே தொடங்குகிறது. காந்தியடிகள் இறக்கிவிடப்பட்டு இரண்டு மாதங்கள் கழித்து, அமெரிக்காவின் சிக்காகோ நகரில் முதலாவது உலகச் சைக்கிள் பந்தயங்கள் நடைபெற்றன. அவற்றுள் 100 கிலோமீட்டர் பந்தயத்தில் வென்றவர் தென் ஆப்பிரிக்க மண்ணைச் சேர்ந்த லோரன்ஸ் மெயின்ச்சிஸ் என்னும் வெள்ளையர். ஒரே ஆண்டில், ஒரே மண்ணிலிருந்து புறப்பட்ட இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் கடல் கடந்து சென்று உலக வெற்றியோடு திரும்பினார். மற்றவரால் அடுத்த நிலையம்வரை தம் இருக்கையில் அமர்ந்து செல்ல முடியவில்லை. சைக்கிளும் இரயிலும் யாருக்கு உரியவை என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

இனி, நான் குறிப்பிட்ட சின்னச் சைக்கிளுக்கு வருவோம். பி.எம்.எக்ஸ். என்று அதனை அழைப்பர். பைசிக்கிள் மோட்டோகிராஸ் என்பதன் சுருக்கம் அது. மேடுபள்ளமான மண்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பந்தயத்திற்கு மோட்டோகிராஸ் என்று பெயர். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாச் சிறுவர்கள் அதைக் கண்டு ஆசைகொண்டு, தங்கள் சிறு சைக்கிள்களிலேயே வெற்றுமனைகளில் மண்ணைக் குவித்துத் தாவி விளையாடத் தொடங்கினார்கள். பெரியவர் எவரும் திட்டமிட்டு உண்டாக்கிய விளையாட்டன்று அது. 1981இல் அதற்கென ஓர் அனைத்துலகச் சங்கம் தோன்றிற்று. அடுத்த ஆண்டே முதல் உலகப் போட்டி நடந்தது.

சக்கரத்தின் குறுக்களவு 20 அங்குலம். பற்சக்கர வேகங்களை மாற்றும் அமைப்பு கிடையாது. எட்டுப் பேர் ஓர் உயரமான மேட்டின் உச்சியில் வரிசையாக நிற்பார்கள். முன்னிருக்கும் தடுப்புப் பலகை விழுந்தவுடன் அனைவரும் ஒருசேரக் கீழ்நோக்கிப் பாய்வார்கள். 300 முதல் 400 மீட்டர் நீளமுள்ள பாதை முழுவதும் மேடுகளும் சரிந்த வளைவுகளும் இருக்கும். ஏறத்தாழ 40 வினாடிகளில் யாவும் முடிந்துவிடும். ஊஞ்சலில் நிற்கும் குழந்தை முழங்காலை மடக்கி நீட்டி உயர எழும்பவில்லையா? அதுபோலவே மேட்டில் ஏறும்போது உடலைத் தளர்த்தி, இறங்கும்போது அழுத்தினால், மிதிக்காமலே வண்டியின் வேகம் கூடும். இதனை அறிந்தவனே முந்துவான். இவ்விளையாட்டில் பந்தயமன்றி இன்னொரு பிரிவும் உண்டு. அதில் ஒவ்வொருவரும் தனித்தனியே வளைந்த சரிவுகளில் ஏறி, அந்தரத்தில் சுழன்று தம் திறமையைக் காட்டுவர். பந்தயம் 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும், சாகசப் பிரிவு 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் முதன்முதலாக இடம்பெற்றன.

இவ்விளையாட்டுக்கு வேண்டியவை மூன்று: ஒரு வண்டி, ஒரு தலைக்கவசம், சிறிது நிலம். முதல் இரண்டையும் கடையில் வாங்கலாம். மூன்றாவதைக் கடையில் வாங்க முடியாது. தென் ஆப்பிரிக்காவின் கதை முழுவதும் இந்த மூன்றாவது பொருளில்தான் அடங்கியிருக்கிறது.

அந்நாட்டில் 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி நிறவெறியைச் சட்டமாகவே ஆக்கியது. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம், ஒவ்வொரு நகரத்தையும் துண்டுபோட்டு, இன்ன பகுதியில் இன்ன இனத்தார்தாம் வாழலாம் என்று வகுத்தது. 1953ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம், பூங்கா, கடற்கரை, பேருந்து முதலிய பொதுவிடங்கள் அனைத்தையும் பிரித்தது. பிரித்துக் கொடுப்பவை சமமாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை என்றும் அச்சட்டமே கூறியது! கேப்டவுன் நகரின் நடுவே இருந்த ஆறாம் வட்டாரம் 1966இல் வெள்ளையர் பகுதியென அறிவிக்கப்பட்டு, 60,000க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து பெயர்த்தெறியப்பட்டனர். அந்நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், மணற்காட்டில், 1980களில் கறுப்பின மக்களுக்கென ஒரு குடியிருப்பு உண்டாக்கப்பட்டது. அதன் பெயர் காயலிட்ஷா. கோசா மொழியில் 'புதிய இல்லம்' என்று பொருள்.

அதே 1980களில்தான் பி.எம்.எக்ஸ். விளையாட்டு உலகெங்கும் சிறுவர்களின் மோகமாகப் பரவித் தென் ஆப்பிரிக்காவையும் எட்டியது. பந்தயப் பாதை எந்தப் பகுதியில் அமையும், அங்கே எந்தச் சிறுவன் நுழையலாம் என்பவற்றைச் சட்டம் முன்னரே முடிவு செய்துவைத்திருந்தது. வேலிக்கு வெளியே நின்ற சிறுவனுக்குச் சைக்கிள் கிடைத்தாலும் பாதை கிடைக்காது.

உலகம் இதனை வாளாவிருந்து பார்க்கவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிற்குத் தென் ஆப்பிரிக்காவுக்கு விடுத்த அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. 1970இல் அந்நாடு ஒலிம்பிக் இயக்கத்தினின்றும் நீக்கப்பட்டது. நான் பள்ளி மாணவனாக இருந்தபோது, 1974இல், நம் நாட்டு டென்னிஸ் அணி டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றை எட்டிற்று. சென்னையைச் சேர்ந்த அமிர்தராஜ் சகோதரர்கள் அவ்வணியின் தூண்கள். எதிரணி தென் ஆப்பிரிக்கா. நிறவெறி நாட்டோடு ஆடுவதில்லை என்று இந்தியா கோப்பையையே கைவிட்டது. "ஆடியிருந்தால் வென்றிருப்போமே!" என்று நாங்கள் வருந்தினோம். விளையாட்டில் அரசியலைக் கலக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. தென் ஆப்பிரிக்காவுக்குள்ளேயே 1973இல் தோன்றிய விளையாட்டு மன்றம் ஒன்று அதற்கு விடை கூறியது. ஹசன் ஹோவா முதலியோர் வழிநடத்திய அம்மன்றம், முறைகெட்ட சமுதாயத்தில் முறையான விளையாட்டு இருக்கவியலாது என்று வாதிட்டது. விளையாட்டில் அரசியலைக் கலந்தவர்கள் பிறரல்லர். மைதானத்தைச் சுற்றி நிறத்தால் வேலி போட்டவர்களே என்பதை நானும் பின்னரே உணர்ந்தேன்.

1990இல் தனி வசதிகள் சட்டமும், 1991இல் குழுப் பகுதிகள் சட்டமும் நீக்கப்பட்டன. 1992இல் தென் ஆப்பிரிக்கா மீண்டும் ஒலிம்பிக்கில் பங்கேற்றது. 1994இல் எல்லா மக்களும் வாக்களித்தனர். ஆனால், நண்பர்களே, சட்டத்தை ஒரே நாளில் நீக்கலாம். அச்சட்டம் வகுத்த ஊரை ஒரே நாளில் மாற்றியமைக்க முடியாது. வேலி அகன்ற பின்னும் காயலிட்ஷா 30 கிலோமீட்டருக்கு அப்பாலேயே இருந்தது. பாதைக்குச் சிறுவன் வரமுடியாவிடில், சிறுவனிடம் பாதை செல்லவேண்டும் என்று சிலர் எண்ணினார்கள்.

அவ்வாறு எண்ணியவர்களால் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் காயலிட்ஷாவில் வெலோகாயா என்னும் சைக்கிள் பயிற்சிக் கழகம் எழுந்தது. அங்கே குடியிருப்பின் நடுவிலேயே பி.எம்.எக்ஸ். பாதை அமைத்து, பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். ஸ்டெல்லன்போஷ் நகரை அடுத்த காயமண்டியில், அவ்வூர்க்காரரான சோங்கோ ஃபிபாசாவும், சுவிட்சர்லாந்தின் மலைச் சைக்கிள் வீரர் கிறிஸ்டோஃப் சௌசரும் 2008இல் இதுபோன்ற ஒரு பணியைத் தொடங்கினர். அங்கே சைக்கிளோடு பள்ளிப் பாடத்திற்கும் துணைசெய்கிறார்கள் என்பது ஆசிரியனாகிய எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி. டர்பனுக்கும் மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையேயுள்ள ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கில், இசிதும்பா என்னும் சிற்றூரில், டாலஸ் ஓபர்ஹோல்சர் என்னும் வெள்ளையர் சக்கரப் பலகை விளையாட்டுக்கு ஒரு தளம் அமைத்துச் சூலுச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவரே தம் 46ஆம் வயதில் டோக்கியோவிலும், 49ஆம் வயதில் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் பங்கேற்றார். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் பதக்கம் வெல்லும் அவ்விளையாட்டில் அவர் பதக்கம் பெறவில்லை. ஆயினும் அவர் போட்ட தளத்தைப் பதக்கத்தினும் பெரிதாகவே நான் மதிக்கிறேன்.

இப்பொழுது அந்தச் சிறுவனின் வினாவுக்கு வருகிறேன். மாரிட்ஸ்பர்க் என்ன ஆயிற்று?

அந்த ஊரின் சிறையில் 1913ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு தமிழ்ச் சிறுமி அடைக்கப்பட்டாள். தில்லையாடியிலிருந்து சென்ற குடும்பத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை அவள். சிறையில் நோயுற்று, விடுதலையான பின், 1914 பிப்ரவரி 22இல், பதினாறாம் வயதில் உயிர் நீத்தாள். 1993இல், காந்தியடிகள் இறக்கிவிடப்பட்ட நூற்றாண்டு நிறைவில், அந்நகரின் வீதியில் அவருக்குச் சிலை எழுந்தது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அதனைத் திறந்துவைத்தார்.

பின்னர் அந்நகரம் சைக்கிளால் உலகப் புகழ் பெற்றது. 2010ஆம் ஆண்டு, ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே முதன்முறையாக, பி.எம்.எக்ஸ். உலகப் போட்டி அங்கு நடைபெற்றது. லாட்வியாவின் மாரிஸ் ஸ்ட்ரோம்பெர்க்ஸ் ஆடவர் பிரிவிலும், பிரிட்டனின் ஷனேஸ் ரீட் மகளிர் பிரிவிலும் வென்றனர். பெய்ஜிங்கிலும் பின்னர் 2012இல் இலண்டனிலும் தென் ஆப்பிரிக்காவுக்காக இவ்விளையாட்டில் பங்கேற்ற சிஃபிசோ ந்லாபோ ஒரு கறுப்பின இளைஞர். 2013இல் உலக மலைச் சைக்கிள் போட்டியும் அங்கே நடந்தது. அவ்வூரிலேயே பிறந்த கிரெக் மின்னார், பாதையின் முடிவை நெருங்குகையில் பின்சக்கரத்தில் காற்றிறங்கியும், விழாமல் ஓட்டிச் சரிவுப் பந்தயத்தில் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தென் ஆப்பிரிக்காவின் சார்பில் பி.எம்.எக்ஸ். பந்தயத்தில் ஓட்டியவர் மியாண்டா மசேட்டி என்னும் கறுப்பின இளம்பெண்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கூறமாட்டேன். சைக்கிளும் தலைக்கவசமும் விலை மிகுந்தவை. குடியிருப்புச் சிறுவர்களில் பாதை எட்டியவர் சிலரே. எட்டாதவர் மிகப் பலர். ஒரு நாட்டில் நீதி எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பதை அறிய, அதன் சட்டப் புத்தகத்தோடு சிறுவர் விளையாடும் மண்ணையும் பார்க்கவேண்டும் என்பதே இந்த வரலாற்றில் நான் கற்ற பாடம்.

மாணவர்களே, இன்று மாலை பள்ளியிலிருந்து வீடு திரும்பும்போது உங்கள் ஊர் மைதானத்தைச் சற்று நின்று பாருங்கள். உள்ளே ஆடுபவர் யார், வேலியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பவர் யார் என்று எண்ணுங்கள். வெளியே நிற்பவனை உள்ளே அழைக்க உங்களுக்குச் சட்டம் எதுவும் வேண்டாம்.

அந்தச் சிறுவன் இன்று நடுவயதினனாக இருப்பான். எங்கேனும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவனுக்குச் சொல்கிறேன்: தம்பி, ஒரு மனிதரை நிறத்துக்காக வண்டியிலிருந்து இறக்கிவிட்ட அந்த ஊரில், பல நிறத்துப் பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே பலகையைத் தாழ்த்தி ஓடவிட்டார்கள். அதற்கு 117 ஆண்டுகள் ஆயின. நீ கேட்டது நல்ல கேள்வி. அன்றே நான் இதைத் தேடிப் படித்திருக்கவேண்டும்.