தப்பியோட இயலாதவர்கள்

வல்லவனுக்கும் வல்லவனை 'எம்டன்' என்று இன்றும் நாம் சொல்கிறோம். அச்சொல்லை நமக்கு விட்டுச் சென்றது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, அது சென்னைத் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. மக்கள் திரள் திரளாக நகரைவிட்டு வெளியேறினர். 1942 ஏப்ரலில் ஜப்பானியரைப் பற்றிய அச்சம் பரவியபோதும் அவ்வாறே நடந்தது. அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. ஆபத்து வந்தால் ஓடுவது: நம் நகரின் பழைய ஆயத்தம் இதுவே.

ஆனால், ஓட இயலாதவர் என்ன செய்வார்?

இக்கேள்விக்கு உலகம் துன்பத்தின் நடுவில்தான் விடை கண்டது. 1859இல் சோல்ஃபெரினோ போரில் காயமுற்றோர் அருகிலிருந்த காஸ்திலியோனே ஊரின் கோவில்களில் கிடத்தப்பட்டனர். அவர்களுக்குப் பணிசெய்த ஹென்றி துனாந்தின் உள்ளத்தில் செஞ்சிலுவைச் சங்கம் கருக்கொண்டது. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுக் கருவிகள் போதவில்லை. மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி நோயாளர்க்கு மூச்சு ஊட்டினர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அக்கைகளிலிருந்து பிறந்தது எனலாம்.

நம்மிடம் வருவோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் வீடிழந்த கடற்கரை மக்களுக்குச் சாந்தோம் பேராலயம் அடைக்கலம் தந்தது. அவர்கள் ஓடிவர முடிந்தவர்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருகியபோது, அதன் கரையிலிருந்த மருத்துவமனை ஒன்றில் வெள்ளம் புகுந்தது, மின்னாக்கிகள் நின்றன. அந்நாட்களில் அங்கே தீவிர சிகிச்சையிலிருந்த 18 பேர் இறந்தனர். இறப்பின் காரணம் பற்றி வாதங்கள் எழுந்தன. எனினும் ஓர் உண்மை வாதத்திற்கு அப்பாற்பட்டது: கருவியோடு பிணைக்கப்பட்டவருக்குக் கால்கள் இல்லை, பிறருடைய முன்னறிவே அவருக்குக் கால்.

அம்முன்னறிவு பெரும் புதிர் அன்று. மின்னாக்கியும் எரிபொருளும் வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சில நாட்களுக்கான ஆக்சிஜன் கையிருப்பில் இருக்கட்டும். ஒவ்வொரு படுக்கையருகிலும் மூச்சுப்பையும், அதை அழுத்தப் பழகிய கைகளும் வேண்டும். யாரை முதலில், எங்கே கொண்டுசெல்வது என்பது அமைதிக் காலத்திலேயே முடிவாக வேண்டும்.

இவை மருத்துவமனைகளின் கடமை. நமக்கும் ஒன்று உண்டு. நம் தெருவில், வீட்டிலேயே ஆக்சிஜன் உருளையை நம்பி வாழ்பவர் யார்? மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வோர் அன்பியமும் இக்கேள்வியைக் கேட்டு, அப்பெயர்களை எழுதி வைக்கட்டும். வெள்ளம் வந்தபின் தேடினால் காலம் கடந்துவிடும்.