வாட்டசாட்டமான உடம்புக்கு அளவு எடுத்த கதை



புடவைக்கு சைஸ் கிடையாது. ஒல்லியான மருமகள் கட்டிய புடவையை நல்ல உயரமும் பருமனுமான மாமியாரும் கட்டலாம். கொசுவத்தில் ரெண்டு மடிப்பு கூடும், குறையும், அவ்வளவுதான். வெட்டித் தைத்த துணி அப்படி இல்லை. ரவிக்கை, நைட்டி, சுடிதார் எல்லாமே ஏதோ ஒரு உடம்பை மனசில் வைத்து வெட்டப்படுகிறது.

அந்த உடம்பு யாருடையது? நம்மில் வாட்டசாட்டமான பெண்களுக்கு இந்தக் கேள்வி நல்லாவே தெரியும். ஜவுளிக்கடையில் "உங்க சைஸ் வராதுக்கா" என்று சொல்வார்கள். பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். குற்றம் செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவோம். துணி சின்னதாக இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை, உடம்பு பெருசு என்றுதான் சொல்கிறார்கள். துணியில் ஒட்டியிருக்கிற அந்த அளவுச் சீட்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் இந்தத் தலைகுனிவு தேவையில்லை என்பது புரியும்.

காகிதப் பட்டையும் இஞ்சு டேப்பும்

இஞ்சு டேப் புழக்கத்துக்கு வந்து சுமார் 200 வருஷம்தான் ஆகிறது. அதுக்கு முன்னாடி ஐரோப்பாவில் தையல்காரர்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு நீளக் காகிதப் பட்டை வைத்திருந்தார்கள். மார்புச் சுற்றுக்கு ஒரு வெட்டு, இடுப்புக்கு ஒரு வெட்டு, கை நீளத்துக்கு ஒரு வெட்டு என்று அதில் அடையாளம் போடுவார்கள். ஒருத்தருடைய பட்டை இன்னொருத்தருக்கு உதவாது. அளவு என்றாலே அது ஒரு ஆளுடைய அளவுதான்.

எண் போட்ட டேப் வந்த பிறகு, ஒரு உடம்பை இன்னொரு உடம்போடு ஒப்பிடுவது சுலபமானது. ஒரே ஒரு அளவை வைத்து மற்ற அளவுகளைக் கணக்குப் போட்டுவிடலாம் என்ற எண்ணமும் வந்தது. 1846-ல் எலியாஸ் ஹோவும் 1851-ல் ஐசக் சிங்கரும் அமெரிக்காவில் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1856-லேயே சிங்கர் கம்பெனி மெஷினைத் தவணைக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. நம்ம காந்தியடிகள்கூட இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போது சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு கொடுத்தார்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. லட்சக்கணக்கான சிப்பாய்களுக்குச் சீருடை வேண்டியிருந்தது. ஆண்களின் அளவுகள் பெருமளவில் சேர்ந்ததால் ஆண்களுக்கான ரெடிமேட் ஓரளவு ஒழுங்குக்கு வந்தது. பெண்களை யாரும் அப்படி அளக்கவில்லை. மார்புச் சுற்று இவ்வளவு என்றால் இடுப்பு இவ்வளவு, தோள் இவ்வளவு என்று ஊகத்தில்தான் வெட்டினார்கள். பெரிய சைஸ் வேண்டுமென்றால் சின்ன சைஸ் பேப்பர் கட்டிங்கையே எல்லாப் பக்கமும் இழுத்துப் பெரிதாக்கினார்கள். சதை போட்டால் தோள் எலும்பும் கூடவே அகலமாகுமா? ஆகாது. அதனால்தான் பெரிய சைஸ் எடுத்தால் கழுத்து தோளை விட்டு நழுவுகிறது, அக்குளில் மட்டும் பிடிக்கிறது.

கம்மலை அடகு வைத்த லீனா

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஒரு இளம் விதவை. பெயர் லீனா ஹிம்மெல்ஸ்டைன். லிதுவேனியா நாட்டில் பிறந்தவர். பிறந்த சில நாளிலேயே தாயை இழந்து, தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். 1895-ல், 16 வயதில், பிழைப்புத் தேடி நியூயார்க் போனார். உள்ளாடை தைக்கும் கம்பெனியில் வாரம் 1 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

டேவிட் பிரயன்ட் என்ற நகைக்கடைக்காரரைக் கல்யாணம் செய்தார். கைக்குழந்தையாக மகன் இருக்கும்போதே காசநோயில் கணவர் இறந்துபோனார். கையில் இருந்தது அவர் கொடுத்த வைரக் கம்மல். அதை அடகு வைத்துத்தான் லீனா தையல் மெஷினுக்கு முதல் தவணை கட்டினார் என்று சொல்வார்கள். நம்ம குழுக்களில் இந்தக் கதையைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. கம்மல்தான் நமக்கும் முதல் முதலீடு.

1904-ல் சின்னதாக ஒரு கடை போட்டார். வங்கிக் கணக்குக்கான படிவத்தில் 'லீனா' என்பது எழுத்து மாறி 'லேன்' ஆகிவிட்டது. பாஸ்புக்கில் பெயர் தப்பாக வந்தால் நாம் எத்தனை தரம் அலைகிறோம்! அவர் அலையவில்லை, அந்தப் பெயரையே கடைக்கு வைத்துவிட்டார். 'லேன் பிரயன்ட்' பிறந்தது அப்படித்தான்.

கர்ப்பமாக இருந்த ஒரு வாடிக்கையாளர், வெளியே நாலு பேர் முன்னால் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு உடை கேட்டார். இடுப்பில் எலாஸ்டிக் வைத்து, கீழே மடிப்பு மடிப்பாகப் பாவாடை சேர்த்து லீனா தைத்துக் கொடுத்தார். கர்ப்பிணி வீட்டுக்குள் இருக்க வேண்டியவள் என்று நினைத்த காலம் அது. பத்திரிகைகள் அந்த விளம்பரத்தைப் போடவே மறுத்தன. 1911-ல் ஒரு பத்திரிகை போட்டது. உடனே சரக்கு தீர்ந்துபோனது.

அடுத்துத்தான் பருமனான பெண்களின் பக்கம் அவர் பார்வை போனது. 1909-ல் அவர் மறுமணம் செய்துகொண்ட ஆல்பர்ட் மால்சின் ஒரு இன்ஜினியர். உடம்பின் வளைவோடு வளையும் ஒரு அளவுகோலைச் செய்தார்கள். கடைக்கு வந்த சுமார் 4,500 பெண்களை அளந்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து சுமார் 2 லட்சம் பெண்களின் விவரங்களையும் வாங்கிப் பார்த்தார்கள். தெரியவந்த விஷயம் ரொம்ப எளிமையானது. பருமன் என்றால் ஒரே வடிவம் இல்லை. ஒருத்திக்கு மேலே கனம், ஒருத்திக்கு இடுப்புக்குக் கீழே, இன்னொருத்திக்கு எல்லாப் பக்கமும் ஒரே சீராக. மூணு விதத்துக்கும் தனித்தனியாக வெட்ட வேண்டும். அப்படியே வெட்டினார்கள். 1923-ல் கடையின் விற்பனை 50 லட்சம் டாலர். பெரிய சைஸ் உடைகளின் விற்பனை கர்ப்பிணி உடைகளைத் தாண்டிவிட்டது. மற்ற கடைக்காரர்கள் "வராதுக்கா" என்று திருப்பி அனுப்பிய பெண்கள்தான் அந்தக் கடையை வளர்த்தவர்கள்.

59 அளவு எடுத்தும் பொருந்தவில்லை

அமெரிக்க அரசாங்கமும் பிறகு இதில் இறங்கியது. 1939, 1940-ல் ரூத் ஓபிரையன் என்ற பெண் அதிகாரியும் வில்லியம் ஷெல்டன் என்பவரும் சேர்ந்து சுமார் 15,000 பெண்களை அளந்தார்கள். ஒருத்தரிடம் 59 அளவுகள். 1941-ல் அறிக்கை வந்தது. மார்புச் சுற்றை மட்டும் வைத்துப் பெண் உடம்பைக் கணிக்க முடியாது என்பது தெளிவானது.

ஆனால் அந்தக் கணக்கிலும் ஒரு ஓரவஞ்சனை இருந்தது. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளை இறுதிக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தக் கணக்கை அடிப்படையாக வைத்து 1958-ல் பெண்கள் உடைக்கு ஒரு அரசு அளவுத்தரம் வந்தது. 1983-ல் அதையும் கைவிட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அளவு வைத்தது. ஒரு கடையில் எக்ஸ்எல் போட்டவளுக்கு இன்னொரு கடையில் டபுள் எக்ஸ்எல் பிடிக்கிறது என்றால், மாறியது அவள் உடம்பு இல்லை.

நம்ம பக்கம்

நம்ம ஊரில் ரவிக்கை போடுவதே ஒரு காலத்தில் போராட்டமாக இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, நாடார் பெண்கள் மேலாடை அணிய உரிமை கேட்டுப் பல வருஷம் போராடினார்கள். அடி வாங்கினார்கள், அவர்கள் உடை கிழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26-ல் அரசர் அறிவிப்பு வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. நம் உடம்புக்கு எது பொருந்தும் என்று வேறு யாரோ முடிவு செய்வது புதுசு இல்லை. அதை ஏற்க மாட்டோம் என்று பெண்கள் சொன்னதும் புதுசு இல்லை.

தைத்துப் போடுகிற வழக்கம் நம்மிடம் இன்னும் இருப்பது பெரிய பலம். ஆனாலும் ரெடிமேட் வந்துவிட்டது, 'ஃப்ரீ சைஸ்' நைட்டி வந்துவிட்டது. இந்தியப் பெண்ணுக்கென்று சொந்த அளவு அட்டவணை இல்லாமலே இவ்வளவு காலம் ஓடியது. தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், 6 நகரங்களில் 25,000 பேரை அளக்கும் திட்டத்தை எடுத்ததே இந்தச் சில ஆண்டுகளில்தான். அந்த அட்டவணை கடைக்கு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. டேப் நம்ம கையில் இருக்கிறது.

நாமே எடுக்க வேண்டிய அளவு

நாம் வழக்கமாகச் செய்வது, தையல் கடையில் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வருவது. அந்த ஜாக்கெட்டில் ஏற்கனவே உள்ள கோளாறும் புது ஜாக்கெட்டில் சேர்ந்தே வரும். உயரமும் பருமனும் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது உடம்பில் அளவு எடுக்க வேண்டும்.

மார்பில் இரண்டு சுற்று எடுக்கணும். ஒன்று அக்குளை ஒட்டி மேலே, இன்னொன்று மார்பின் நடுவில். கழுத்தையும் தோளையும் மேல் அளவுக்கு வெட்டி, நடு அளவுக்கு வேண்டிய இடத்தை டாட் பிடித்துக் கொடுத்தால் தோள் நழுவாது. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் டாட்டும் பெரிசாக வேண்டும், அல்லது பிரின்சஸ் கட் போடலாம்.

உயரமானவர்களுக்குக் கீழே மட்டும் நீளம் கூட்டினால் போதாது. தோளிலிருந்து டாட் பாயின்ட் வரை, தோளிலிருந்து இடுப்பு வரை, இடுப்பிலிருந்து புட்டம் வரை என்று தனித்தனியாக அளந்து, எங்கே குறைகிறதோ அங்கே கூட்டணும். இல்லாவிட்டால் சுடிதாரின் இடுப்பு வளைவு விலாவில் நிற்கும், சைடு ஓப்பன் வயிற்றருகே பிரியும்.

கைச்சுற்றை முழங்கையை மடக்கிப் பிடித்து எடுக்கணும். புட்டத்தின் சுற்றை நின்று ஒரு தடவை, உட்கார்ந்து ஒரு தடவை எடுத்து, பெரிய அளவை வைத்துக்கொள்ளணும். நாம் நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பதில்லையே. ஜாக்கெட்டுக்கு 80 சென்டிமீட்டர் பிட் வாங்கினால் அக்குளில் ஒட்டுப் போட வேண்டிவரும், அதனால் 1 மீட்டர் கேட்டு வாங்குங்கள். சைடில் ஒன்றரை இஞ்சு துணி உள்ளே விட்டால் பிறகு பிரித்துக்கொள்ளலாம். முதல் தடவை பழைய வேட்டியிலோ கிழிந்த புடவையிலோ வெட்டிப் போட்டுப் பார்த்துவிட்டு நல்ல துணியில் கத்திரி வையுங்கள்.

1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய நம்ம சுய உதவிக் குழு இயக்கத்தில், எத்தனையோ பேருக்கு முதல் கடன் தையல் மெஷினுக்காகத்தான் கிடைத்தது. நம்ம உறுப்பினர்களில் தைக்கத் தெரிந்தவர்கள் நிறைய. கடையில் சைஸ் கிடைக்காமல் திரும்புகிற பெண்களும் நம்ம உறுப்பினர்களிலேயே நிறைய. இந்த ரெண்டு பேரும் ஒரே கூட்டத்தில், ஒரே பாயில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். லீனா வாடிக்கையாளரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்த வேலையும் இல்லை.

அதனால் ஒரு யோசனை. அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தையல் தெரிந்தவர்கள் ஒரு இஞ்சு டேப்பும் ஒரு நோட்டும் கொண்டு வாருங்கள். ஒருத்தருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பெயரையும் தேதியையும் எழுதி, மேலே சொன்ன அளவுகளைக் குறித்து வையுங்கள். மறைவாக ஒரு இடத்தில் வைத்து அளவு எடுங்கள், எண்ணைச் சத்தமாகப் படிக்காதீர்கள். அடுத்த தீபாவளிக்குள் நம்ம கூட்டமைப்பில் யாரும் "உங்க சைஸ் வராதுக்கா" என்று கேட்காமல் புதுத்துணி போடலாம், தைத்த கூலியும் நம்மிடமே தங்கும்.